இருபத்தொரு விநாடி ஒழுகல்

சோதனை முகாம்
ஜூன் 4, செவ்வாய்

சகல பல்சக்கரங்களுக்கும் பேரரசியும், மூன்றாம் மாடி ஜன்னலோர மேசையை ஏகபோகமாக ஆண்டு வருபவளும், என் அக்கா பெற்ற ஒரே மகளுமாகிய மருமகளுக்கு, உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது.

யாராலும் நம்பவே முடியாத ஒரு கதையை இதில் சொல்லப் போகிறேன் என்று பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் மீது ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். நீயும் நம்பாதே. நம்பினால் எனக்கு மரியாதை இல்லை.

நான் வந்து இறங்கியதும் கேட்டிலேயே என் கைப்பேசியைப் பிடுங்கி இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். வண்டி ரகசியமாம். உள்ளே வந்தால் ஒரு கட்டில், ஒரு பல்பு, மூன்று பக்கமும் மலை. லாரி ஓட்டுநருக்கு இங்கே வானொலி என்று பெயர். விடிந்ததிலிருந்து அடங்கும்வரை பேசுகிறார். தூக்கத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.

உன் மின்சார லாரியில் பன்னிரண்டு டன் மணல் மூட்டை ஏற்றினோம். மலை ஏறியது என்று சொன்னால் அது சபை நாகரிகம். உண்மையில் மலைதான் பயந்து குனிந்து கொடுத்தது. வழியில் ஒரு மேகத்தை முட்டித் தள்ளினோம். மேகத்துக்குக் காயமில்லை. ஏழாவது வளைவில் மட்டும் லாரிக்குப் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை கதி: இரண்டாம் கியர் வேண்டும் என்கிறது, வேண்டாம் முதல் கியரே போதும் என்கிறது, மறுபடி இரண்டு, மறுபடி ஒன்று. மூன்று தடவை மனசு மாறி, கடைசியில் முதல் கியரையே கட்டிக்கொண்டு மேலே போகிறது. லாரியின் வயிற்றில் எண்ணெய் அழுத்தத்தைச் சேர்த்து வைக்க நீ வைத்திருக்கும் கறுப்பு உருண்டைக்கு நாங்கள் குண்டு என்று பெயர் சூட்டிவிட்டோம். ஏழாவது வளைவில் அந்தக் குண்டு விடும் பெருமூச்சில் இரண்டு மரம் சாய்ந்தது.

நீ கேட்ட கணக்கு கடைசித் தாளில். மலை ஏறி இறங்கும் ஒரு சுற்றுக்கு எண்ணெய்ப் பம்ப் ஓடியது, சராசரி 31 விநாடி.

அன்புடன்,
உலகம் போற்றும் மாமா

*

வடிவமைப்புப் பிரிவு
ஜூன் 7, வெள்ளி

மாமா,

உங்கள் கடிதம் வந்தது. நேராகக் கடைசித் தாளுக்குப் போய்விட்டேன். முதல் இரண்டு பக்கத்தில் நீங்கள் உருண்டைக்கு வைத்த பெயரும் மேகமும் மட்டும் கண்ணில் பட்டன, மற்றதைப் படிக்க இந்த மாதம் எனக்கு நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முப்பத்தொன்று. எனக்குக் கொடுத்திருக்கும் எல்லை முப்பது.

ஒரு விநாடிதானே என்பீர்கள். டீசல் லாரியில் பம்ப் நாள் முழுக்கச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே அது ஓடும் ஒவ்வொரு விநாடியும் பேட்டரியிலிருந்து போகிறது. பேட்டரியிலிருந்து போவது தூரத்திலிருந்து போகிறது. என் கியர் பெட்டியின் ஒரே பெருமை, பம்ப் அந்தக் குண்டை நிரப்பிவிட்டுத் தூங்கிவிடும் என்பதுதான். கிளட்சைப் பிடித்து வைக்கிற எண்ணெய் வால்வுக்குப் பின்னால் அடைபட்டு நிற்கும். பிடிப்பதற்கு மின்சாரமே வேண்டாம். கியர் மாறி மாறி அழுத்தம் குறைந்தால் மட்டும் பம்ப் எழுந்து சில விநாடி ஓடித் திரும்பப் படுக்கும்.

ஜூலை 5-ஆம் தேதி கூட்டம். அதற்குள் முப்பதுக்குக் கீழே வரவில்லையென்றால், "இரண்டு கியரும் வேணாம், எண்ணெயும் வேணாம், ஒரே கியர், பெரிய மோட்டார், முடிஞ்சுது" என்று தலைமைப் பொறியாளர் ஏற்கெனவே தயாராக இருக்கிறார். நான்கு வருஷம் மாமா. அதை அவர் ஒரு கையசைப்பில் ஓரம் கட்டிவிடுவார்.

எங்கேயோ எண்ணெய் ஒழுகுகிறது என்று சந்தேகப்படுகிறேன். இனி ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நீங்கள் லாரிக்கு அடியில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். தானாகவே எல்லாவற்றையும் பதிகிற பெட்டி ஏழு வாரமாகக் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. அது வரும்வரை பம்ப் மீட்டரும் உங்கள் பென்சிலும்தான் எனக்குக் கண்.

இன்னொன்று. உங்களை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தது நான். நீங்கள் என் மாமா என்று இங்கே யாருக்கும் தெரியாது. மேகத்தை முட்டிய கதையை முகாமில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மருமகள்

*

சோதனை முகாம்
ஜூன் 11, செவ்வாய்

மகாராணிக்கு, பாதாள லோகத்திலிருந்து அடியேன்.

உன் ஆணைப்படி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுற்று, பன்னிரண்டு தடவை லாரிக்கு அடியில் பயணம். நான் உள்ளே போய் வருவதற்குள் வெளியே பருவம் மாறிவிடுகிறது. நேற்று ஒரு தடவை வெளியே வந்தபோது வானொலிக்குத் தாடி முளைத்து, நரைத்து, உதிர்ந்திருந்தது.

ஆனால் நான் யார்? முப்பது வருஷம் மண்வாரி இயந்திரங்களின் வயிற்றைத் தைத்தவன். அழுத்தம் உள்ளே இருக்கும் எந்த மிருகத்தின் அடியிலும் நான் நுழைந்ததில்லை, அது நான் வளர்த்த பசுவாகவே இருந்தாலும். ஆகவே ஒவ்வொரு தடவையும் குண்டின் திருகைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் தொட்டிக்கு இறக்கிவிட்டுத்தான் நுழைகிறேன். இறங்கும்போது எழும் சீறலில் முகாம் நாய் பறந்து போய்க் கொடிக்கம்பத்தில் தொங்குகிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. இப்போது அதற்குப் பழகிவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டே தொங்குகிறது.

முகாம் மேலாளர் ஒரு புதுப் படிவம் கொண்டு வந்தார். லாரிக்கு அடியில் போகும் நேரம், வந்த நேரம், போன நோக்கம். "நோக்கம்னா என்ன சார் எழுதறது?" என்றேன். "வழக்கமா என்ன எழுதுவாங்களோ அதை எழுதுங்க" என்றார். "தவம்" என்று எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார்.

அடியில் பொட்டு ஈரம் இல்லை. கடைசித் தாள்: 52 விநாடி.

தவம் கலைந்த மாமா

*

வடிவமைப்புப் பிரிவு
ஜூன் 14, வெள்ளி

மாமா,

ஐம்பத்திரண்டா? எழுத்துப் பிழை இல்லையே? முகாம் தொலைபேசியில் கூப்பிட்டேன். "சோதனை விஷயத்தைப் போன்ல பேசக் கூடாதுங்க, விதி" என்று மேலாளர் வைத்துவிட்டார். இரண்டாம் தடவை கூப்பிட்டால் எடுக்கவே இல்லை.

தாளைத் தலைமைப் பொறியாளரிடம் காட்ட வேண்டியதாயிற்று. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ வேலை போகும் என்று அர்த்தம்.

"என்னம்மா, பெட்டியா வடிகட்டியா?"

"வால்வு உட்காருற இடத்துல தேய்மானம் இருக்கலாம் சார். புதுசு அனுப்பறேன்."

"அனுப்பு அனுப்பு. மோட்டார்ப் பிரிவுக்காரங்க மட்டும் சந்தோஷமா இருக்காங்க. எண்ணெயே வேணாம்னு நான் சொன்னப்ப நீ என்னைப் பழைய ஆளுன்னு நெனச்ச."

நினைத்தேன்தான். இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கையில் ஐம்பத்திரண்டை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

இந்தக் கடிதத்தோடு வரும் பையில் புது வால்வு இருக்கிறது. மாட்டுங்கள். இனி சுற்று முடிவில் மட்டுமல்ல, மலை உச்சியிலும் நிறுத்தி அடியில் பாருங்கள். இரண்டு தடவை. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்: நிஜமாகவே அடியில் போய்ப் பார்க்கிறீர்களா? இருபத்தொரு விநாடி கூடியிருக்கிறது, ஈரமே இல்லை என்கிறீர்கள். எனக்கு நம்பச் சிரமமாக இருக்கிறது.

மருமகள்

*

சோதனை முகாம்
ஜூன் 18, செவ்வாய்

மருமகளுக்கு,

புது வால்வு மாட்டினேன். உச்சியிலும் கீழேயுமாக ஒரு நாளைக்கு இருபத்துநான்கு தடவை அடியில் போனேன். முழங்கையில் தோல் இல்லை. நம்பச் சிரமமாக இருந்தால் சட்டையை அனுப்புகிறேன், மடித்து வைத்து மேலதிகாரிக்கும் காட்டு.

ஒழுகவில்லை. ஒரு சொட்டு விழுந்திருந்தால் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன், அவ்வளவு தேடினேன். உன் வயதுக்கு மேல் வருஷம் எண்ணெயோடு வாழ்ந்தவனைப் பார்த்து நிஜமாகப் பார்க்கிறாயா என்று கேட்கிறாய். சரி. கேள். உனக்கு நடக்கப் பழக்கியபோது நீ என் விரலைக் கடித்ததற்கே நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் நானும் கேட்கிறேன். நான் எழுதுவதை நீ படிக்கிறாயா?

74 விநாடி.

மாமா

*

வடிவமைப்புப் பிரிவு
ஜூன் 21, வெள்ளி

மாமா,

எழுபத்துநாலைப் பார்த்ததும் தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். பிறகு எடுத்து நீவி மேசைமேல் வைத்தேன். வேறு வேலை ஓடவில்லை.

முப்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, எழுபத்துநாலு. கழித்துப் பார்த்தேன். இருபத்தொன்று. அப்புறம் இருபத்திரண்டு. ஒழுகல் இப்படி ஒரே அளவில் படி ஏறாது. வால்வை மாற்றினால் குறைய வேண்டும், இல்லை அப்படியே இருக்க வேண்டும். இது நான் ஒரு தடவை பார்க்கச் சொன்னால் ஒரு இருபத்தொன்று கூடுகிறது, இரண்டு தடவை பார்க்கச் சொன்னால் இரண்டு இருபத்தொன்று கூடுகிறது. நான் தேடத் தேட ஒழுகல் வளர்கிறது.

குண்டு காலியாக இருந்து நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்று என் பழைய குறிப்பில் தேடினேன். இருபத்தொரு விநாடி.

அப்போதுதான் உங்கள் கடிதங்களை முதல் வரியிலிருந்து படித்தேன். கொடிக்கம்பத்தில் தொங்கும் நாய்க்கும் தாடி உதிர்ந்த வானொலிக்கும் நடுவில், பச்சையாக எழுதி வைத்திருக்கிறீர்கள்: ஒவ்வொரு தடவையும் அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைகிறேன் என்று.

மாமா! இதைக் கடைசித் தாளில் ஒரு வரி எழுதினால் என்ன? ஒரே ஒரு வரி! பறக்கிற நாயை நம்பாதவள் அதே பத்தியில் திருகைத் திறந்ததை மட்டும் எப்படி நம்புவாள்? இரண்டு வாரம். ஒரு நல்ல வால்வைக் கழற்றி எறிய வைத்தேன். தலைமைப் பொறியாளர் முன்னால் தலை குனிந்து நின்றேன். உங்கள் மீது எனக்கு வருகிற கோபத்தை இந்தப் பக்கத்தில் எழுத இடமில்லை.

அதில் பாதி என் மீதும்தான். அடியில் போகச் சொன்னது நான். அழுத்தத்தோடு போ என்றா சொல்ல முடியும்? இறக்கினால் மறுபடி நிரம்ப வேண்டும் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து அடியில் பார் என்று எழுதுவது சுலபமாக இருந்தது.

ஏழாவது வளைவையும் படித்தேன். மாப்பிள்ளை மனசு மாறுகிற கதை. அது கதை இல்லையென்றால், அந்த முப்பத்தொன்றுக்கே அதுதான் காரணம். ஒவ்வொரு கியர் மாற்றமும் குண்டிலிருந்து எண்ணெய் எடுக்கிறது. வீண் மாற்றம், வீண் எண்ணெய். ஏற்றத்தில் இரண்டாம் கியருக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும்படி கட்டுப்பாட்டு நிரலை மாற்றியிருக்கிறேன். பையில் அந்த நிரல் பதிந்த சின்ன கார்டு இருக்கிறது, பழையதை எடுத்துவிட்டு இதைச் செருகுங்கள்.

அழுத்தத்தை இறக்காமல் ஒழுகலைப் பார்க்க ஏதாவது வழி சொல்லுங்கள். அடியில் போகாமல்.

மருமகள்

*

சோதனை முகாம்
ஜூன் 25, செவ்வாய்

மருமகளே,

வழி இருக்கிறது. லாரி வந்து நிற்கும் இடத்தில் வெள்ளை அட்டையை விரித்து வைத்தோம். பத்து நிமிஷம் கழித்து இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மனிதன் உள்ளே போகவே வேண்டாம். முதல் நாளே நான் உன்னிடம், ஏன் அடியில் போகச் சொல்கிறாய் என்று கேட்டிருந்தால், அப்போதே இதைச் சொல்லியிருப்பேன். நான் கேட்கவில்லை. பெரிய பொறியாளர் சொல்கிறாள், செய்துவிட்டுப் போவோம் என்று இருந்துவிட்டேன். அக்கா மகள்தானே என்று நினைத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

திருகு விஷயத்தில் கொஞ்சம் நேராகப் பேசுகிறேன், இந்த ஒரு பத்தியைச் சகித்துக்கொள். மண்வாரிப் பட்டறையில் என்னோடு ஒருவன் வேலை பார்த்தான். எஞ்சின் நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. குழாயில் ஊசி முனை அளவு துளை. எங்கே ஒழுகுகிறது என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். எண்ணெய் தோலுக்குள் போய்விட்டது. பார்த்தால் கொசு கடித்த மாதிரிதான் இருந்தது, சிரித்துக்கொண்டே டீ குடித்தான். நான்காம் நாள் கை இல்லை. அன்றிலிருந்து திருகைத் திறக்காமல் நான் உள்ளே போனதில்லை. அதைக் கடைசித் தாளில் எழுதாததற்குக் காரணம், அது எனக்கு ஒரு வேலையாகவே தோன்றவில்லை. மூச்சு விட்டதை யார் கணக்கில் எழுதுவார்கள்?

கார்டைச் செருகினோம். ஏழாவது வளைவில் மாப்பிள்ளை ஒரே முடிவாக முதல் கியரிலேயே போனார். வானொலியே ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டு, "என்ன மாமா, வண்டிக்குப் புத்தி வந்துடுச்சா?" என்றார். அவருக்கும் நான் மாமாதான், பயப்படாதே.

சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் சேர்த்து இருபத்துநான்கு சுற்று. இடையில் திருகைத் தொடவில்லை. அட்டையில் ஒரு பொட்டு இல்லை.

27 விநாடி.

மாமா

*

வடிவமைப்புப் பிரிவு
ஜூன் 28, வெள்ளி

மாமா,

இருபத்தேழு என்பதைப் பார்த்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு தாளை எடுத்துக்கொண்டு தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன், என் உத்தரவால்தான் கணக்குக் கெட்டது என்றும் சொன்னேன்.

"மூணு வாரமா ஏறிக்கிட்டே போனது, கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது திடீர்னு இருபத்தேழா?"

"ஆமா சார்."

"எழுதினது யாரு? கையெழுத்து அழகா இருக்கே."

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "முகாம் மெக்கானிக் சார். எங்க தாய்மாமன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதைவிட மோசம், சிரித்தார். "அப்ப சரி. மாமா எழுதினா மருமகளுக்கு விநாடியைக் கூட்டியா எழுதுவார்?" அறையில் மோட்டார்ப் பிரிவுக்காரர் இருவர் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

நான்கு வருஷத்தில் கிடைத்த ஒரே நல்ல எண், அதைச் சொல்ல எனக்கு வாய்த்த ஒரே சாட்சி நீங்கள்! எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அவரே தன் கடிகாரத்தோடு அங்கே வருகிறார். உறவுக்காரரைச் சோதனையில் வைத்த குற்றத்துக்கு உங்களை மாற்றும் உத்தரவும் அவர் பையில் இருக்கும். என்னால்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒரே வேண்டுகோள். அவர் முன்னால் மேகம், நாய், தாடி எதுவும் வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில். உங்களால் முடியுமா என்று தெரியவில்லை, ஆனாலும் கெஞ்சுகிறேன்.

மருமகள்

*

சோதனை முகாம்
ஜூலை 2, செவ்வாய்

மருமகளுக்கு, வாய்க்குப் பூட்டுப் போடப்பட்ட மாமா எழுதுவது.

உன் தலைமைப் பொறியாளர் நேற்று விடியலில் பதினேழு யானை பலத்தோடு எழுந்தருளினார். ஒரு பெட்டி நிறையக் கடிகாரம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உதவியாளர், உதவியாளருக்குக் குடை பிடிக்க இன்னொரு உதவியாளர். நான் ஒரு சொல் பேசவில்லை. பேசாமல் அடக்கியதில் வயிறு ஊதி, பெல்ட்டில் இரண்டு புதுத் துளை போட வேண்டியதாயிற்று. வானொலியும் பேசவில்லை. இருவரும் பேசாத அமைதி தாங்காமல் முகாம் மேலாளர் மயங்கி விழுந்து, விழுந்த நேரம், எழுந்த நேரம், விழுந்த நோக்கம் என்று தன் படிவத்தைத் தானே நிரப்பினார்.

ஆறு சுற்று. அவர் முன் இருக்கையில் உட்கார்ந்து பம்ப் சத்தத்தைக் காதால் கேட்டு, கடிகாரத்தை அமுக்கி அமுக்கி எழுதினார். என் பென்சிலைப் பக்கத்தில் வரவிடவில்லை. ஆறாவது சுற்று முடிந்ததும் கோட்டைக் கழற்றினார்.

"நான் அடியில போய்ப் பாக்கணும்."

"இப்ப போக முடியாது சார்."

"ஏன், ஏதாவது மறைச்சு வச்சிருக்கியா?"

"உள்ளே அழுத்தம் இருக்கு. இறக்காம யாரையும் விடமாட்டேன். நீங்க எழுதி முடிச்சாச்சுன்னா சொல்லுங்க, இறக்கறேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் பாறை உருகி ஓடியது. பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இறக்கு" என்றார். இறக்கினேன். அடியில் போனார். கால் மட்டும் வெளியே தெரிந்தது, பளபளவென்று ஷூ. கால் மணி நேரம் கழித்து முதுகெல்லாம் புழுதியோடு, எண்ணெய்க் கறை ஒன்றுகூட இல்லாமல் வந்தார்.

"இப்ப வண்டியைப் போடு" என்றார். பம்ப் எழுந்து ஓடியது. கடிகாரத்தை அமுக்கினார். நின்றதும் பார்த்தார். மறுபடி இறக்கச் சொன்னார், மறுபடி ஓட்டினார், மறுபடி பார்த்தார். இரண்டு தடவையும் இருபத்தொன்று. அப்போது வானம் பிளந்து, மணல் மூட்டைகள் எழுந்து நின்று கைதட்டி, லாரி அவர் காலில் விழுந்து, அவர் லாரியின் காலில் விழுந்து, இருவரும் ஒருவரை ஒருவர் தூக்கிவிட முடியாமல் கிரேன் வரவழைத்தோம்.

சட்டைப் பையிலிருந்த தாளை உனக்கு அனுப்பச் சொல்லி மேசைமேல் வைத்துவிட்டு, மாற்றல் உத்தரவைக் கையில் கொடுத்தார். மண்வாரிப் பட்டறைக்கே திரும்பிப் போகிறேன், சாயங்கால வண்டி. கொடுக்கும்போது, "அஞ்சாம் தேதி நான் பேசல. அந்தப் பொண்ணையே பேசச் சொல்றேன்" என்று அசரீரி மாதிரி எங்கோ பார்த்துச் சொன்னார்.

இவ்வளவும் யாரும் நம்பக் கூடாத கதை. யானை இல்லை, கிரேன் இல்லை, அவர் அவ்வளவு மரியாதையாகவும் பேசவில்லை. ஒரே ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம். இதோடு இணைத்திருக்கும் தாளின் அடியில் இருபத்தேழு என்று இருக்கிறது பார், அது அவர் கையால் எழுதியது. கீழே கையெழுத்தும் அவருடையது. நான் அந்தத் தாளைத் தொட்டது, அதை இந்த உறைக்குள் வைத்தபோதுதான்.

மாமா